செர்ன் நடராஜரும், தீயை மட்டும் பார்த்த கண்களும்

இந்தக் கேள்வி ஒரே வாரத்தில் இரண்டு பக்கமிருந்து என்னிடம் வந்தது. தோழி ஒருவர் கிறிஸ்தவர், அவர்கள் சபைக் குழுவில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு நிஜமாகவே கலங்கிப்போய்க் கேட்டார்: "ஜெனீவாவில் இருக்கிற செர்ன் அணு ஆய்வுக்கூடத்தில் எதற்கு அழிவுக் கடவுளின் சிலை? அதற்கு முன்னால் ராத்திரியில் நரபலி கொடுத்தார்களாமே, உண்மையா?" இரண்டு நாள் கழித்து என் சித்தப்பா மகன், அவனுக்கு வேறு கவலை: "நடராஜர் ஆட்டத்தை வெள்ளைக்கார விஞ்ஞானிகளே ஒத்துக்கொண்டு சிலை வைத்துவிட்டார்கள் பார்த்தாயா? ஆனால் பூஜை புனஸ்காரம் இல்லாமல் பனியில் நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அது தப்பில்லையா?" கல்லூரியில் பல வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன் நான், வீட்டில் தாத்தாவின் புண்ணியத்தில் சைவ சித்தாந்தமும் கொஞ்சம் காதில் விழுந்து வளர்ந்தவன். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இருவர் கேட்டதும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய்த்தான் முட்டுகிறது.

முதலில் சிலை எப்படி அங்கே போனது என்பதைச் சொல்லிவிடலாம், அதில் மர்மம் எதுவும் இல்லை. இரண்டு மீட்டர் உயரமுள்ள அந்த நடராஜர் இந்திய அரசு கொடுத்த பரிசு. 2004 ஜூன் 18 அன்று திறந்து வைத்தார்கள். அன்று இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்த அனில் ககோட்கரும், செர்னின் தலைமை இயக்குநராக இருந்த ராபர்ட் ஐமரும் அங்கே இருந்தார்கள். 1960களிலிருந்து இந்திய விஞ்ஞானிகள் செர்னோடு சேர்ந்து வேலை செய்து வருகிறார்கள், அந்த உறவைக் கொண்டாடத்தான் பரிசு. 2002இல் இந்தியாவுக்குப் பார்வையாளர் தகுதி கிடைத்தது, 2017இல் இணை உறுப்பு நாடானது. சிலை இருக்கும் இடமும் ரகசியமான நிலவறை ஒன்றும் இல்லை. 39, 40 என்று எண் போட்ட இரண்டு கட்டடங்களுக்கு நடுவே திறந்தவெளியில் நிற்கிறது, அதில் ஒன்று வந்து போகும் ஆய்வாளர்கள் தங்குகிற விடுதி. காலையில் காபி குடிக்கப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். செர்ன் வளாகத்தில் வேறு சிலைகளும் கலைப்பொருட்களும் நிறைய உண்டு, அவற்றைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

அடுத்து அந்த நரபலி வீடியோ. அது 2016 ஆகஸ்டில் வெளியே வந்தது. இரவு நேரம், கறுப்பு அங்கி போட்ட சிலர் சிலைக்கு முன்னால் கூடுகிறார்கள், ஒரு பெண்ணைப் படுக்க வைத்துக் கத்தியால் குத்துவது போல ஒருவர் செய்கிறார், மேலே ஒரு ஜன்னலிலிருந்து ஒளிந்து படம் எடுத்தவர் பதறிக்கொண்டு ஓடுகிறார். அது முழுக்க நடிப்பு. செர்ன் அப்போதே சொன்னது: இது எங்கள் வளாகத்தில் அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்ட கற்பனைக் காட்சி, உள்ளே வர அனுமதி பெற்ற சிலர் விளையாட்டை எல்லை மீறிக் கொண்டுபோய்விட்டார்கள், இது எங்கள் ஆய்வைப் பற்றித் தவறான எண்ணத்தைப் பரப்பும், ஏற்க முடியாது. உள்விசாரணை நடத்தி, சம்பந்தப்பட்டவர்களைக் கண்டுபிடித்து நடவடிக்கையும் எடுத்தார்கள். யாரும் சாகவில்லை, யாருக்கும் காயமும் இல்லை. எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் இன்றும் கோபம் இருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் உயிராக நினைக்கிற ஓர் உருவத்தைப் பேய்ப்படத்துக்கு மேடை ஆக்கினார்கள். அவர்கள் ஐந்து நிமிடம் சிரித்ததற்கு, பத்து வருடமாக எங்கோ ஒரு மூலையில் இருக்கிற என் தோழி மாதிரி ஆட்கள் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. அந்த வீடியோ ஏன் அவ்வளவு சுலபமாக நம்பப்பட்டது என்று யோசிக்க வேண்டும். அதற்கு முன்பே கதை தயாராக இருந்தது. 2008இல் துகள்களை மோதவிடுகிற, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய மோதுவான் என்ற கருவி ஓடத் தொடங்கியபோதே பூமியைக் கருந்துளை விழுங்கும் என்று பயம் கிளம்பியது. அப்புறம் செர்ன் சின்னத்தில் 666 இருக்கிறது என்றார்கள் (அது துகள் முடுக்கி வளையங்களை எளிமையாக வரைந்த படம்). பெயரே ஏதோ கொம்பு வைத்த பழைய தெய்வத்தின் பெயர் என்றார்கள் (1950களில் இந்த அமைப்பை உருவாக்கிய ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மன்றத்தின் பிரெஞ்சுப் பெயரிலுள்ள முதல் எழுத்துகள், அவ்வளவுதான்). இப்படி ஏற்கெனவே சந்தேகப்படுகிற கண்ணுக்கு முன்னால் நான்கு கை, பாம்பு, மண்டை ஓடு, சுற்றிலும் தீ, காலுக்கடியில் ஒரு ஆள் என்று ஓர் உருவம். விவிலியத்தை மட்டும் படித்து வளர்ந்த ஒருவருக்குப் பாம்பு என்றால் என்ன, நெருப்பு என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் பயந்ததை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் தங்கள் மொழியில் அந்தச் சிலையை வாசித்தார்கள். அது வேறு மொழியில் எழுதப்பட்டது என்பதுதான் சிக்கல்.

அந்த மொழி தெரிந்த நாம் என்ன செய்தோம்? நாமும் "சிவன் அழிக்கும் கடவுள்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிரம்மா படைப்பார், விஷ்ணு காப்பார், சிவன் அழிப்பார் என்று பள்ளியில் மூன்று வரியில் மனப்பாடம் செய்த ஞாபகம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கும். நடராஜர் வடிவம் தமிழ்நாட்டுச் செம்பில்தான் இப்படி முழுமையானது, சோழர் காலத்தில், அரசி செம்பியன் மாதேவியின் காலத்தை ஒட்டி. அந்த வடிவத்துக்கு விளக்கமும் தமிழில்தான் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் திருவதிகை மனவாசகங்கடந்தார் எழுதிய உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூலில் வருகிற இந்த வெண்பாவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்:

தோற்றம் துடியதனில் தோயும் திதிஅமைப்பில்
சாற்றியிடும் அங்கியிலே சங்காரம் - ஊற்றமா
ஊன்று மலர்ப்பதத்தே உற்ற திரோதம் முத்தி
நான்ற மலர்ப்பதத்தே நாடு.

பின் வலக்கையில் இருக்கிற துடி, அதாவது உடுக்கை, அதன் ஒலியிலிருந்து உலகம் தோன்றுகிறது. முன் வலக்கை "அஞ்சாதே" என்று அமர்த்திக் காட்டுகிறது, அதில் காத்தல். பின் இடக்கையில் இருக்கிற தீ, அதில் சங்காரம். ஊன்றிய காலில் மறைத்தல். தூக்கிய காலில் வீடுபேறு. முன் இடக்கை யானைத் துதிக்கை மாதிரி வளைந்து வந்து அந்தத் தூக்கிய காலைத்தான் சுட்டுகிறது, இங்கே வா, அடைக்கலம் இங்கே இருக்கிறது என்று. ஐந்து தொழில், ஐந்தும் ஒருவரே, ஒரே ஆட்டத்தில், ஒரே நேரத்தில். இதில் தீ ஐந்தில் ஒன்று. அதுவும் பின்னால் இருக்கிற கையில். நேருக்கு நேர் நின்று பார்த்தால் உங்கள் பக்கம் விரித்து நீட்டியிருப்பது அபயக்கை.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். அந்தச் சங்காரமாவது அழிவா? சம்ஹாரம் என்ற வடசொல்லின் வேரே ஒன்றாகச் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வது என்பதுதான். தமிழில் மெய்கண்டார் அதற்கு "ஒடுங்கி" என்ற சொல்லைப் போட்டார், சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவிலேயே, கூடவே "அந்தம் ஆதி" என்றும் சொன்னார், ஒடுங்குகிற இடமே தொடங்குகிற இடம் என்று. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற தன் நூலில் இன்னும் நேராகச் சொல்லிவிட்டார்: "அழிப்பு இளைப்பாற்றல்". பிறவி பிறவியாக நடந்து களைத்துப்போன உயிரைக் கொஞ்சம் உட்கார வைப்பது. சாயங்காலம் விளையாடிக் களைத்த குழந்தையை அம்மா பிடித்து இழுத்துத் தூங்க வைப்பாளே, பிள்ளை அழும், விளையாட்டு போச்சே என்று, ஆனால் அது தண்டனையா? தாத்தா இந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போதெல்லாம் இந்த உதாரணத்தைத்தான் சொல்வார். அந்தச் செய்யுள் "அருளே எல்லாம்" என்றுதான் முடிகிறது. ஒரு மரபே ஆயிரம் வருடமாக இளைப்பாற்றல் என்று புரிந்து வைத்திருந்ததை, மூன்று வரிப் பாடத்தில் "அழிப்பவர்" என்று சுருக்கி நாமே ஊருக்கு அனுப்பினோம். அதைத்தான் செர்ன் வீடியோக்காரர்கள் நம்மிடமே திருப்பிக் காட்டுகிறார்கள்.

சரி, பாம்பும் மண்டை ஓடும்? இதற்குத் தாருகாவனத்துக் கதை தெரிய வேண்டும். தாங்கள் செய்கிற வேள்வியே போதும், இறைவன் தேவையில்லை என்று செருக்கில் இருந்த முனிவர்கள் சிவனைக் கொல்ல ஒரு வேள்வி செய்கிறார்கள். அதிலிருந்து புலி வருகிறது, மழு வருகிறது, மான், பாம்பு, வெண்தலை என்கிற மண்டை ஓடு, துடி, காலடியில் கிடக்கிற முயலகன், கடைசியில் வேள்வித் தீயே வருகிறது. ஒவ்வொன்றாக ஏவுகிறார்கள். அவர் எதையும் திருப்பி எறியவில்லை. புலித்தோலை உடுத்திக்கொண்டார், பாம்பை அணிந்துகொண்டார், வெண்தலையைச் சடையில் வைத்துக்கொண்டார், துடியையும் தீயையும் கையில் வாங்கிக்கொண்டார். கந்தபுராணத்தில் கச்சியப்பர் இதை விரிவாகவே பாடியிருக்கிறார். அதாவது நடராஜர் உடம்பில் பார்க்கப் பயமாக இருக்கிற ஒவ்வொன்றும் அவர் மேல் யாரோ எறிந்த ஆயுதம், அது அவரிடம் வந்து நகையாகிவிட்டது. பயமுறுத்துவதற்காக அவர் அவற்றைப் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு இந்த உருவத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், என் தோழிக்கும் முதலில் சொன்னது இதைத்தான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது எங்களுக்கும் புரியக்கூடிய கதை" என்றார்.

சுற்றியிருக்கிற தீ வளையத்தை நரக வாசல் என்கிறார்கள், மோதுவானின் வளையத்தைக் குறிக்கிற மாயக் கதவு என்றும் சொல்கிறார்கள். அது திருவாசி. எந்தக் கோயிலிலும் உற்சவ மூர்த்திக்குப் பின்னால் திருவாசி பார்க்கலாம். உண்மை விளக்கம் அதை ஓங்காரம் என்கிறது, அதிலிருந்து பிரியாத எழுத்துகள்தான் அந்தச் சுடர்கள். காதைக் கவனியுங்கள், ஒரு காதில் ஆணின் குழை, இன்னொன்றில் பெண்ணின் தோடு. சடையில் கங்கை, பிறை, ஊமத்தம்பூ. முகத்தில் கோபமே இருக்காது, அவ்வளவு வேகமாக ஆடுகிற உடம்புக்கு மேலே அசையாத ஒரு முகம், உதட்டில் மெல்லிய சிரிப்பு. நல்ல ஸ்தபதி கையில் உருவான சிலையில் இந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டால் "அழிவுக் கடவுள்" என்ற வார்த்தை வாயில் வராது.

முயலகனைப் பற்றித்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நரபலிக் கதைக்கு அவன்தான் ஆதாரமாகக் காட்டப்படுகிறான்: பாருங்கள், சிலையிலேயே ஒரு மனிதனை மிதித்துக் கொல்கிறார் என்று. முதலில் அவன் சாகவில்லை. குப்புறக் கிடந்து, தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, பெரும்பாலான சிலைகளில் கையில் பாம்போடு உயிரோடுதான் இருக்கிறான். இரண்டாவது, அவன் மனிதனே இல்லை. வடமொழியில் அவனுக்கு அபஸ்மாரன் என்று பெயர், அது நினைவு தப்பிப்போகிற வலிப்பு நோய்க்கும் பெயர். தமிழிலும் முயலகன் என்பது ஒரு நோயின் பெயர். திருச்சி பக்கத்தில் திருவாசி என்று ஓர் ஊர் இருக்கிறது, பழைய பெயர் திருப்பாச்சிலாச்சிராமம். அங்கே கொல்லி மழவன் என்ற அரசன் மகள் முயலகன் நோயில் நினைவிழந்து கிடந்தாள், ஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தக் கோயில் நடராஜர் காலடியில் முயலகன் கிடையாது, பாம்பின் மேல் ஆடுகிறார், நோய் தீர்ந்ததால் அப்படி என்று ஊரில் சொல்வார்கள். ஆக, அந்தக் காலின் கீழே கிடப்பது பலி கிடையாது, நோய். தன்னையே மறந்துபோகிற நோய், அறியாமை. வைத்தியன் நோயை அழுத்திப் பிடித்திருக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்மை விளக்கம் நடராஜர் உருவத்தில் ஐந்தெழுத்தைப் பொருத்திக் காட்டுகிற இடத்தில், "அடிக்கீழ் முயலகனார்" என்று எழுதுகிறது. முயலகனார்! காலடியில் கிடக்கிற அறியாமைக்கும் ஒரு "ஆர்" விகுதி. இப்படி மரியாதை கொடுத்துப் பேசுகிற மரபை நரபலியோடு முடிச்சுப் போடுவதைக் கேட்கும்போது மனசு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வரிசையில் ஓப்பன்ஹைமர் பெயரும் கட்டாயம் இழுக்கப்படும். "உலகங்களை அழிக்கும் மரணமாக நான் ஆகிவிட்டேன்" என்று அணுகுண்டைச் செய்தவரே சிவனைத்தானே சொன்னார், அதனால்தான் அணு ஆய்வுக்கூடத்தில் சிவன் என்று. 1945 ஜூலை சோதனையைப் பற்றி அவர் 1965இல் தொலைக்காட்சியில் சொன்னது கீதையின் 11ஆம் அத்தியாயத்து வரி. அதைச் சொல்கிறவர் கண்ணன். ஓப்பன்ஹைமரே அந்தப் பேச்சில் விஷ்ணு என்றுதான் சொல்கிறார். மூலத்தில் இருக்கிற சொல் "கால", காலம் என்றும் படிக்கலாம், அவர் மரணம் என்று மொழிபெயர்த்துக்கொண்டார். சிவனுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. செர்னுக்கும் குண்டு செய்கிற வேலை கிடையாது, ராணுவ ஆய்வு எதுவும் செய்யக்கூடாது, முடிவுகள் எல்லோருக்கும் வெளியிடப்பட வேண்டும் என்பது அதன் அமைப்பு விதியிலேயே இருக்கிறது.

அப்படியானால் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு ஏன் குறிப்பாக நடராஜர்? இங்கேதான் எனக்கு நிஜமாகவே மெய்சிலிர்க்கிற ஒரு சங்கிலி இருக்கிறது. சிலைக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது, அதில் கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் வாசகம் வருகிறது: எந்தக் கலையும் எந்த மதமும் பெருமைப்படத்தக்க வகையில், இறைவனின் செயலைக் காட்டுகிற மிகத் தெளிவான உருவம் இது, என்ற பொருளில். குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர், தகப்பனார் சர் முத்து குமாரசுவாமி, ஈழத்துத் தமிழர். சிவ நடனத்தைப் பற்றிய அந்தக் கட்டுரை முதலில் 1912இல் சித்தாந்த தீபிகை பத்திரிகையில் வந்தது. சிவஞானபோதத்தை 1895இலேயே ஆங்கிலத்தில் கொடுத்த ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையின் முயற்சியில் வளர்ந்த பத்திரிகை அது. அந்தக் கட்டுரையில் குமாரசுவாமி எடுத்துக்காட்டுகிற பாட்டு எது தெரியுமா? மேலே நான் எழுதிய அதே "தோற்றம் துடியதனில்". அப்புறம் பிரிட்ஜோப் காப்ரா என்ற இயற்பியலாளர் குமாரசுவாமியைப் படித்து, 1975இல் வந்த தன் புத்தகத்தில், துகள்கள் தோன்றி மறைவதைச் சிவ நடனத்தோடு ஒப்பிட்டார். அவர் வரிகளும் அந்தப் பலகையில் உண்டு. திருவதிகையில் எழுதிய ஒரு வெண்பா, கொழும்பில் பிறந்தவர் கை வழியாக, எழுநூறு வருடம் கழித்து ஜெனீவாவில் போய் நிற்கிறது. இதைப் பெருமை என்று சொல்லிக்கொள்ளலாம், இது உண்மையான பெருமை.

ஆனால் தம்பி, இங்கேதான் நீயும் நிற்க வேண்டும். காப்ரா செய்தது உவமை. மோதுவானில் இரண்டு பக்கமிருந்து புரோட்டான்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் வந்து மோதுகின்றன, அந்த ஆற்றலிலிருந்து முன்பு அங்கே இல்லாத புதுத் துகள்கள் பிறக்கின்றன, பிறந்த கணமே வேறு துகள்களாகச் சிதைகின்றன. 2012 ஜூலை 4 அன்று அறிவித்தார்களே ஹிக்ஸ் போசான், அதுவும் கண்ணில் படாமல் சிதைந்துபோகிற துகள்தான், அது விட்டுப்போன தடங்களைக் கூட்டிக் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். எதுவும் நிலையாக இல்லை, எதுவும் சும்மா தொலைந்தும் போவதில்லை, ஒன்று ஒடுங்குகிற இடத்தில் இன்னொன்று தோன்றுகிறது. இதைப் பார்க்கிற ஒருவருக்கு நடராஜர் நினைவு வந்தால் அது அழகு. அதற்காக நடராஜரை வடித்தவர்களுக்குக் குவாண்டம் இயற்பியல் தெரியும் என்றோ, செர்ன் நடராஜரை நிரூபித்துவிட்டது என்றோ சொல்வது தவறு. நிலா மாதிரி முகம் என்று பாடிய கவிஞருக்கு வானியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நிரூபணம் என்று சொல்ல ஆரம்பித்தால் ஆபத்தும் இருக்கிறது. நாளைக்கு இயற்பியல் கோட்பாடு மாறினால், மாறும், மாறுவதுதான் அதன் பழக்கம், அப்போது நடராஜர் பொய்யாகிவிடுவாரா?

சிதம்பரம் நடராஜரின் கால் பெருவிரல்தான் பூமியின் காந்த மையப் புள்ளி, வெளிநாட்டு விஞ்ஞானிகள் எட்டு வருடம் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள் என்று ஒரு செய்தி வருடாவருடம் ஆருத்ரா தரிசனத்துக்குச் சுற்றுகிறது. அது பொய். காந்த நடுவரை என்பது பூமியைச் சுற்றிப் போகிற ஒரு கோடு, அதற்கு ஒரு மையப் புள்ளி இருக்கவே முடியாது. அந்தக் கோடு சிதம்பரத்துக்கு நல்ல தெற்கே, தென்கோடித் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. அதனால்தான் திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரே இடத்தில் நிற்பதில்லை, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. சிதம்பரத்துக்கு இந்தப் பெருவிரல் கதை தேவையே இல்லை. அங்கே திரை விலக்கிக் காட்டுகிற ரகசியம் என்ன? வெறும் வெளி. ஒன்றுமில்லாத இடத்தில் தொங்குகிற தங்க வில்வ மாலை. உருவத்தின் பக்கத்திலேயே அருவத்தை வைத்து, இதுவும் அதுவும் ஒன்றே என்று காட்டத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்கள். அதை விட்டுவிட்டுக் காந்த ஊசியைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

இந்தியா செர்னுக்கு நடராஜரை மட்டும் கொடுக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மோதுவானில் 1,232 பெரிய வளைவுக் காந்தங்கள் உண்டு, ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை. அவற்றைத் தலைமுடி அளவு கூடப் பிசகாமல் சரியான இடத்தில் தாங்கி நிறுத்த ஜாக்கிகள் வேண்டும். அப்படி சுமார் 7,000 ஜாக்கிகளை வடிவமைத்துச் செய்து கொடுத்தது இந்தியா. நூறு மீட்டர் ஆழத்தில், இருட்டில், காந்தங்களுக்கு அடியில் இன்றும் அவை தாங்கிக்கொண்டு நிற்கின்றன. பெருமைப்பட ஆசையிருந்தால் இதில் தாராளமாகப் படலாம். இதைப் பற்றி ஒரு செய்தியும் குழுக்களில் சுற்றி நான் பார்த்ததில்லை.

கருந்துளை பயம் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மோதலின் ஆற்றல் ஒரு துகளுக்குப் பிரமாண்டம், ஆனால் நம் அளவில் ஒரு டெரா எலக்ட்ரான்வோல்ட் (அந்த ஆற்றலை அளக்கிற அலகு) என்பது பறக்கிற கொசுவின் ஆற்றல்தான். அதைவிடப் பல மடங்கு ஆற்றலுள்ள அண்டக் கதிர்கள் பூமி பிறந்த நாளிலிருந்து நம் தலைக்கு மேலே காற்றில் மோதிக்கொண்டேதான் இருக்கின்றன, பூமி அப்படியேதான் இருக்கிறது.

இது செர்னோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2015 ஆகஸ்டில், அழிந்துவரும் உயிரினங்களுக்காக நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல் ஒளிப்படங்கள் காட்டினார்கள். அதில் உயிர்களைக் காக்கிற தாயாகக் காளியின் உருவமும் வந்தது. உடனே நியூயார்க்கில் பேயை ஏற்றிவிட்டார்கள் என்று கிளம்பியது. 2024இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் சுகர் லேண்ட் அஷ்டலட்சுமி கோயிலில் 90 அடி அனுமன் சிலை எழுந்தபோதும் எதிர்ப்பு வந்தது. சுவஸ்திகத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். நாஜிக்கள் எடுத்துக்கொண்ட பிறகு அந்த வடிவத்தைப் பார்த்தாலே நடுங்குகிற யூதக் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் நடுங்குவதில் நியாயம் இருக்கிறது. அங்கே பொறுமையாக உட்கார்ந்து பேசியதால் நல்லதும் நடந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் நாஜிச் சின்னத்தைத் தடை செய்தபோது, இந்து, பௌத்த, சமண வழிபாட்டில் வருகிற சுவஸ்திகத்துக்குச் சட்டத்திலேயே விலக்கு கொடுத்தது. செர்ன் வீடியோவுக்குக் கீழே போய் "உங்கள் மதம் மட்டும் ஒழுங்கா" என்று நம் ஆட்கள் வசை எழுதியிருப்பதையும் பார்த்தேன். அதைப் படித்து ஒருவராவது நடராஜரைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டது போல எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகத் தம்பியின் கேள்வி: பூஜை இல்லாமல் வெளியே நிறுத்தலாமா? ஆகம முறைப்படி ஸ்தபதி வார்த்து முடித்ததுமே சிலை சாமி ஆகிவிடாது. கண் திறக்க வேண்டும், மந்திரத்தால் ஆவாகனம் செய்ய வேண்டும், பிரதிஷ்டையும் குடமுழுக்கும் நடக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் நித்திய பூஜை கட்டாயம், அது தவறினால் குற்றம். செர்னில் நிற்பது பரிசாகப் போன சிற்பம். நாட்டியப் பள்ளிகளிலும் அரங்கேற்ற மேடைகளிலும் நடராஜர் சிலை வைக்கிறோமே, அது மாதிரி. ஆகவே அங்கே யாரும் "சிவ வழிபாடு" நடத்தவும் இல்லை, யாரும் அவமதிக்கவும் இல்லை. கோயில் நடராஜருக்கே ஆண்டுக்கு ஆறு நாள்தான் அபிஷேகம், மார்கழித் திருவாதிரையும் ஆனி உத்திரமும் அதில் பெரியவை. பனி பெய்தால் நனைவாரே என்று வருத்தப்படுகிறாய், அவர் தலையில் கங்கை இருக்கிறாள்.

எனக்கு அங்கே போக ஒரு நாள் வாய்த்தால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடத்தான் செய்வேன், சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம் அது. பக்கத்தில் ஒரு மாணவர் காபிக் கோப்பையோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் அவர் பாட்டுக்கு எடுக்கட்டும். கேட்டால் மட்டும், அந்த முன் வலக்கை என்ன சொல்கிறது என்று சொல்வேன்.